கொடிச் சீட்டு

சென்னியப்பன் ஒரு மாஸ்க்கைப் பார்த்து முடிக்கச் சரியாக நாற்பது நொடி ஆகும். முதலில் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். பிறகு நாலு ஓரத்தையும் இழுத்துப் பார்ப்பார். கடைசியில் உதட்டோடு சேர்த்து வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை விரித்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பார். துணியில் ஊசி ஓட்டை இருந்தால் உள்ளங்கையில் ஒரு புள்ளி மட்டும் சில்லென்று படும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கும் கை அது.

"ஏ ஒன்," என்று சொல்லி மகளிடம் நீட்டுவார். மிருதுளா அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டும்.

அந்த வீட்டில் வேறு விதிகளும் இருந்தன. செருப்பு கேட்டுக்கு வெளியே. வெளியே போய் வந்த துணி நேராக வாளிக்குள். வீட்டுக்குள்ளும் மாஸ்க். சாப்பாடு ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு நேரத்தில். மிருதுளாவின் அம்மா ருக்மணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதால் அவருக்கு இந்த விதியால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் வியாழக்கிழமை சாயங்காலம் மிருதுளாவுக்குக் காய்ச்சல் வந்தது. நூறு புள்ளி நாலு. சென்னியப்பன் தெர்மாமீட்டரை மூன்று தரம் உதறி மூன்று தரம் வைத்துப் பார்த்தார். மூன்று தரமும் அதே எண். சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தார். ஆள் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார். ரிசல்ட் காலை ஆறு மணிக்கு வீட்டுப் பெரியவர் போனுக்கு வரும் என்றார்.

"நீ எங்க போயிருந்தே?" என்று சென்னியப்பன் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். இரண்டு தரம் இருமினார். அவருக்கு மூன்று நாளாக அந்த இருமல் இருந்தது. பஞ்சுத் தூசி என்பார்.

"ஸ்கூலுக்குத்தானுங்கப்பா."

"ஸ்கூலு விட்டா?"

"வீட்டுக்குத்தானுங்கப்பா."

"அப்பறம் எப்படி வந்துச்சு?" அவர் கேட்டது அவளை அல்ல. செக்கிங்கில் பாஸ் ஆன துணி கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வந்தால் அவர் இதே கேள்வியை இதே குரலில்தான் கேட்பார்.

மிருதுளா ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். அவளுக்கு எப்படி வந்தது என்று தெரியும். ஒப்புட்டால், அந்த இனிப்புப் போளியால் வந்தது.

*

இரவு ஒன்றேகால் மணிக்குப் போர்வைக்குள் இருந்தபடி உதவி எண்ணை அழுத்தினாள்.

"வணக்கங்க, உதவி மையம், ராஜகுரு பேசறனுங்க. மூச்சுத் திணறலா, நெஞ்சு வலியா, வேற ஏதாவதா?"

"வேற ஏதாவதுங்க."

"சொல்லுங்க."

"சீட்டுல ஒரு பேரை மட்டும் எடுக்க முடியுங்களா?"

மறுமுனையில் எதையோ மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. முறுக்காக இருக்கலாம்.

"இன்னிக்கு இதைக் கேட்ட பதினேழாவது ஆளு நீங்க. முடியாதுங்க. என்ன வயசு?"

"பதினாறுங்க."

"அட, பாப்பாவா? அழுவாத. மொதல்ல சீட்டுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"தெரியுமுங்க. யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு காட்டும்."

"அதுதான். இந்தக் கிருமி ஒவ்வொருத்தர் ஒடம்புக்குள்ள போயிட்டு வெளிய வர்றப்ப அவங்க ரேகையை ஒட்டிக்கிட்டு வருது. தடுப்பூசி போட்ட அன்னிக்கே எல்லாரு ரேகையையும் எடுத்து வெச்சிருக்காங்க, கைக்கொழந்தை வரைக்கும். மெஷினு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து ஏழு பேரு வரைக்கும் பின்னாடி போகும். அதைத்தான் கொடின்னு சொல்றோம். மெஷினுக்கு வெக்கம், மானம் ஒண்ணும் கெடையாது பாப்பா. யாரு மூச்சோ அவங்க பேரு."

இதெல்லாம் திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிடும். கூட ஒரு வாரத்துக்கு நாக்கில் உப்பு தெரியாது. காய்ச்சலுக்குப் பயந்தவர்கள் ஊரில் குறைவு. சீட்டுக்குத்தான் பயம். அவள் வகுப்பில் ஒரு பெண்ணின் மாமாவுக்கு வந்த சீட்டில் இருந்த இரண்டாவது பெயரை அவர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அவரைத் தவிர. அவர் இப்போது மேட்டுப்பாளையத்தில் தனியாக இருக்கிறார்.

அதைவிட மோசம் கூட்டடைப்பு. கொடியில் அடுத்தடுத்து வருகிறவர்களை ஒரே வீட்டில் பதினாலு நாள் அடைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் இடமில்லை, ஒரே கொடிக்காரர்கள் ஒருவருக்கொருவர் புதிதாகக் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. ரூம் அதிகமுள்ள வீடாகப் பார்த்து அங்கே கொண்டுபோய் விடுவார்கள். காங்கேயம் ரோட்டில் கிணற்றுத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேரை அப்படி அடைத்தார்கள். பதினைந்தாம் நாள் கதவைத் திறந்தபோதும் அவர்கள் பேசவில்லை. ஆனால் ஒரு சீரியலை முதலிலிருந்து கடைசி வரை சேர்ந்து பார்த்து முடித்திருந்தார்கள்.

"யாரு பேரு வந்துரும்னு பயப்படறே?" என்றார் ராஜகுரு. "லவ்வா?"

"அக்காங்க."

"அக்காவா?" அன்று இரவு அவர் முதல் முறையாக மெல்லுவதை நிறுத்தினார்.

மிருதுளா சொன்னாள். சுகன்யா, அவளைவிட எட்டு வயது மூத்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் ஜெபராஜைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்று சாயங்காலம் அப்பா கூடத்துச் சுவரிலிருந்து அக்காவின் போட்டோவைக் கழற்றி, அந்த ஆணியில் ஒரு காலண்டரை மாட்டினார். 'அவ வாசப்படிய மிதிக்கறவங்க இந்த வாசப்படிய மிதிக்க வேண்டாம்' என்றார். ஒரு தரம்தான் சொன்னார். அப்பா எதையும் இரண்டாம் தரம் சொல்கிறவர் இல்லை. அம்மா உள்ளே போய் ரசத்துக்குத் தாளித்தார்.

"எங்கப்பா சொன்னா சொன்னதுதானுங்க. என்னையும் அனுப்பிச்சிருவாரு."

"நீ அக்கா வீட்டுக்குப் போனியா?"

"இல்லீங்க. வாசப்படியை மிதிக்கலீங்க. குளத்து மேட்டுல, வெட்டவெளியில பாத்தனுங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை. நடுவுல பத்தடி விட்டுத்தான் நிப்போம். எங்கப்பாவோட இஞ்ச் டேப்பை எடுத்துட்டுப் போயி அளந்து ரெண்டு கல்லு வெச்சிருக்கனுங்க. குச்சியில நூலு கட்டிக் காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு பாத்துட்டு அந்தப் பக்கந்தான் நிப்பேன். ரெண்டு மாஸ்க்கு. அக்காவுக்குக் கொழந்தை பொறந்து ஏழு மாசமாச்சு. வெளிய காத்துல வேண்டாம்னு அதைக் கொண்டு வரவே மாட்டா. போன்லதான் காட்டுவா. நான் இன்னும் தூக்கவே இல்லீங்க."

"இவ்வளவு ஜாக்கிரதையா இருந்தியா? அப்பறம் என்ன?"

"போன ஞாயித்துக்கெழமை ஒப்புட்டு சுட்டுட்டு வந்தா."

"சரி."

"டப்பாவை நடுவுல வெச்சுட்டுப் பின்னாடி போயிட்டா. நான் எடுத்துட்டு வந்து, மாஸ்க்கைக் கழட்டித் தின்னுட்டனுங்க. ரெண்டு நிமிசம். இல்ல, ரெண்டரை இருக்கும். ரெண்டு ஒப்புட்டு தின்னனுங்க." மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணோட நிறுத்தியிருக்கலாம்."

விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது.

"பாப்பா, நான் நாலு மாசமா இந்த நாற்காலியில இருக்கேன். பத்தடி தள்ளி, வெட்டவெளியில, காத்து பாத்து நின்னு வாங்குன கேஸு ஒண்ணுகூட இந்த மாவட்டத்துல இல்ல. இருந்தா சொல்லு, உன்ர பேரைப் பெரிய எழுத்துல போட்டு ஒட்டறேன். எல்லாம் வீட்டுக்குள்ளதான் நடக்குது."

"எங்க வீட்டுல வர்றதுக்கு வாய்ப்பே இல்லீங்க. எங்கப்பா அவ்வளவு பாப்பாரு. மாஸ்க்கைக்கூட அவரே செக் பண்ணித்தான் குடுப்பாரு."

"எப்படிச் செக் பண்ணுவாரு?"

"ஊதிப் பாப்பாருங்க. ஓட்டை இருக்கான்னு."

"வாயில வெச்சா?"

"ஆமாங்க."

"அதையா நீ போட்டுக்குவே?"

"ஆமாங்க. தெனமும்."

தட்டும் சத்தம் நின்றது.

"சரி பாப்பா," என்றார் ராஜகுரு. "தண்ணி நெறயக் குடி. தூங்கு. காலையில பாத்துக்கலாம்."

அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டார் என்றுதான் மிருதுளா நினைத்தாள். விடிவதற்குள் ஒரு பையில் மூன்று சுடிதார், புத்தகங்கள், பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். எங்கே போவது என்று யோசித்தபோது அக்கா வீடு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அங்கேதான் அனுப்பப்போகிறார்கள் என்பதால் அது தண்டனையா என்று ஒரு நிமிஷம் குழம்பினாள். அப்பா முகம் நினைவுக்கு வந்ததும் தண்டனைதான் என்று முடிவு செய்தாள்.

*

ஆறு மணிக்குப் போன் ஒலித்தது.

அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் சென்னியப்பன் கூடத்தில் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார். மின்கட்டண ரசீதைக்கூட அப்படித்தான் வாசிப்பார். ருக்மணி அடுக்களை வாசலில் நின்றார். மிருதுளா ரூம் கதவை ஒரு சாண் திறந்துகொண்டு, பையைக் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நின்றாள்.

"மிருதுளா, பெண், பதினாறு. தொற்று உறுதி," என்று வாசித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கொடி விவரம். ஒன்று. யாரிடமிருந்து பெற்றது என்றால்..."

நிறுத்தினார்.

மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா பெயரை அப்பா வாயால் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. அவர் அதைச் சொல்வாரா, இல்லை தாண்டிப் போவாரா?

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி மாட்டினார். போனை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க, படிங்க," என்றார் ருக்மணி.

"எழுத்து தெளிவா இல்ல."

"குடுங்க இப்படி." ருக்மணி வந்து போனை வாங்கினார். அவருக்கு எழுத்து நன்றாகவே தெரிந்தது. "ஒன்று. சென்னியப்பன், ஐம்பத்தொன்று, தந்தை. வழி, முகக்கவசம்." நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்களா குடுத்தீங்க?"

சென்னியப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஆரு குடுத்தா? இருங்க, இருக்குது. இரண்டு. ரோஹன், ஆண், ஏழு மாதம். தகப்பனார் பெயர் ஜெபராஜ்."

தெருவில் பால்காரர் வண்டி நின்று கிளம்பியது. மிருதுளா கண்ணைத் திறந்தாள்.

"பிப்ரவரியில இருந்து," என்றார் சென்னியப்பன் காலண்டரைப் பார்த்தபடி. "கம்பெனி விட்டு வர்ற வழியில. வாரத்துக்கு ஒருக்கா. வாசப்படிய மிதிக்கல. பின்னாடி கொல்லைப் பக்கமாத்தான் போனேன்."

"மாஸ்க்கு?"

"போட்டா அழுவறான்."

ருக்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண் தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டது. "மூன்று," என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் வாசிக்கவில்லை. போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

"படி," என்றார் சென்னியப்பன்.

"எழுத்து தெளிவா இல்லீங்க."

அவர் கையை நீட்டினார். ருக்மணி போனைக் கொடுத்தார். சென்னியப்பன் நிமிர்ந்து நின்று, மின்கட்டண ரசீது வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்.

"மூன்று. ருக்மணி, நாற்பத்தாறு. உறவு, பாட்டி."

"செவ்வாக்கெழமை கோயிலுக்குப் போறேன்னு சொல்லுவனுங்க," என்றார் ருக்மணி. "கோயிலுக்கும் போவேன். பொய் சொல்லலீங்க. கோயிலு அங்கதான் இருக்குது." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "எனக்கும் அழுவறானுங்க. மாஸ்க்கு போட்டா," என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஆறு மாதமாக ஒரே பேரனைத் தனித்தனியாகத் தூக்கியிருக்கிறார்கள். சுகன்யா ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை.

சென்னியப்பன் மகள் பக்கம் திரும்பினார். அவள் காலுக்குப் பின்னாலிருந்த பையைப் பார்த்தார்.

"அது என்ன பை?"

மிருதுளாவுக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவள் எங்கேயும் மாட்டவில்லை. ஒப்புட்டு அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளையாக ஆயுசுக்கும் இருக்கலாம். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் இருவரும் அவனைத் தூக்கியிருக்கிறார்கள்.

பையைத் திறந்து மஞ்சள் இஞ்ச் டேப்பை எடுத்து நீட்டினாள்.

"இதை ரெண்டு மாசமாத் தேடறேன்," என்றார் சென்னியப்பன்.

"பத்தடி அளக்க எடுத்தனுங்கப்பா. குளத்து மேட்டுல அக்காவைப் பாக்கறதுக்கு."

அவர் டேப்பை வாங்கி இழுத்துப் பார்த்தார். சுருட்டினார்.

"பத்தடி சரியா இருந்துச்சா?"

"பத்தடி ரெண்டு இஞ்ச்சுங்கப்பா."

"அதான் உனக்கு அங்க வரல," என்றார். மகளைப் பற்றி அவர் இவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

*

ஒன்பது மணிக்குச் சுகாதார ஆய்வாளர் அம்மாள் வேனில் வந்து இறங்கினார். கையில் அட்டை வைத்து அதில் டிக் போட்டுக்கொண்டே பேசினார். கூட்டடைப்பு பதினாலு நாள். கொடியில் உள்ளவர்களின் வீடுகளில் இதில்தான் ரூம் அதிகம், அதனால் எல்லோரும் இங்கேதான். கைக்குழந்தையோடு தாயும் வருவார். தாய்க்கும் காலையில் எடுத்த உடனடிச் சோதனையில் உறுதி. ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம், ஆனால் எழுதித் தந்தாலும் இதுதான்.

"ஆட்சேபணை இருக்குதுங்களா?"

"அரசாங்க உத்தரவுங்களே," என்றார் சென்னியப்பன். "நாம என்ன பண்ண முடியும்."

வேனிலிருந்து சுகன்யா இறங்கினாள். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். யார் கண்ணையும் பார்க்காமல் வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றாள். இடுப்பிலிருந்த ரோஹன் சென்னியப்பனைப் பார்த்ததும் ஒரு துள்ளு துள்ளி இரண்டு கையையும் நீட்டினான். அவனுக்கு நடிக்கத் தெரியவில்லை.

"உள்ள வா," என்றார் சென்னியப்பன். யாரிடம் சொன்னார் என்பது தெளிவாக இல்லை. சுகன்யா வாசற்படியை மிதித்து உள்ளே வந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

எல்லோருக்கும் ஏற்கெனவே வந்துவிட்டதால் யாரும் மாஸ்க் போடவில்லை. சுகன்யா நேராகத் தங்கையிடம் வந்து குழந்தையைக் கொடுத்தாள். மிருதுளா நினைத்ததைவிட அவன் கனமாக இருந்தான். அவளுக்கும் காய்ச்சல், அவனுக்கும் காய்ச்சல். இரண்டு பேரின் சூடும் ஒன்றாக இருந்ததால் எது யாருடையது என்று தெரியவில்லை.

"எல்லாரும் வந்தாச்சு," என்று ஆய்வாளர் கடைசி டிக்கைப் போட்டார். கதவில் ஒட்டும் தாளை எடுத்தார்.

சென்னியப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் பைக்கைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு ஆள் மாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தான். வீட்டைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் போகும் கரண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு வரலீங்களா?"

"அவருக்கு நெகட்டிவுங்க. கொடியில இல்ல. அவரு வரக்கூடாது."

"ஒரே வீட்டுல இருந்துட்டு அதெப்படிங்க நெகட்டிவ்?"

"அவருக்குப் பத்து நாளா நைட் டூட்டிங்கப்பா, வீட்டுல தங்கறதே இல்ல," என்றாள் சுகன்யா. "நீங்க வர்றப்பவும் அம்மா வர்றப்பவும் இருந்தா, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு வெளிய போயி வேப்ப மரத்தடியில நின்னுக்குவாரு. மழை பேஞ்சாலும்."

சென்னியப்பன் ஒரு கையால் இன்னொரு கையின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். ஆய்வாளர் தாளைக் கதவில் வைத்து மேல் ஓரத்தை ஒட்டினார். கீழ் ஓரத்தை ஒட்டப் போனபோது சென்னியப்பன் அதை விரலால் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, எங்க கம்பெனியில ஒரு பீஸுக்கு ரெண்டு செக்கிங். மொதத் தடவை பாத்தது எப்பவுமே தப்பா இருக்க வாய்ப்பிருக்குது."

"அதுக்கு?"

"மாப்பிள்ளைக்கு இன்னொருக்கா எடுத்துப் பாத்துருங்க."

"நெகட்டிவ்னா நல்லதுதானுங்களே?"

"நல்லதுதானுங்க," என்றார் சென்னியப்பன். "இருந்தாலும், பாத்துருங்க."

ஆய்வாளர் அம்மாள் அவரைப் பார்த்தார். பெண்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுப் பெட்டியை மறுபடி திறந்து ஒரு குச்சியை எடுத்தார். ஜெபராஜ் ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே ரோட்டைக் கடந்து வந்தார்.